குறைந்தபட்சப் பரப்பு

ரோலாவில் எங்கள் டைப்பிங் சென்டர்
ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பாதி.
விசா, வாடகை ஒப்பந்தம், புதுசாய்ப் பிறந்ததுக்குப் பாஸ்போர்ட்,
எதுவானாலும் முப்பது திர்ஹம்.
அரபி என்றால் பத்து கூட.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்,
குனிந்து உள்ளே வந்தார் காஜா நஜ்முதீன்.
கையில் பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் பதினொரு பாஸ்போர்ட்டின் நகல்.
அசல் கம்பெனியிடம்.
கம்பெனி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கேம்பில் கரண்டை அறுத்து நாலு வாரம், அதுவும் ஆகஸ்டில்.
பதினொரு பேரும் சஜ்ஜா போகிற வழியில்
ஒரு பாலத்துக்குக் கீழே.
பள்ளிவாசல் குழாயில் குளியல்.
அரசாங்க நலநிதியில் எழுதிக் கேட்டால்
ஆறு மாதத்துக்கு ஃபிளாட் எடுத்துத் தரலாமாம்.
"நாமளா வசூல் பண்ணினா கேஸாயிடும்மா,
முறையாத்தான் கேக்கணும்."

முறையாகக் கேட்டோம்.

பயனாளிகளின் தற்போதைய முகவரி.
நட்சத்திரக் குறி போட்ட கட்டம், தாண்ட முடியாது.
பாலம் என்று அடித்தேன்.
கட்டட எண் தருக என்றது சிவப்பில்.
காஜா போன் போட்டார்.
விருத்தகிரி டார்ச் அடித்துத் தூணைப் பார்த்துச் சொன்னான்:
பி பதினேழு.
பி பதினேழை ஏற்றுக்கொண்டது.

வீடின்மைக்குச் சான்று,
கடைசியாய்த் தங்கிய இடத்தின் உரிமையாளரிடமிருந்து.
ஓடிப்போனவனின் கையெழுத்துக்கு எங்கே போக?
கொஞ்சம் சிரித்தோம்.
கேம்ப் கதவில் ஒட்டியிருந்த மின்வெட்டு நோட்டீஸைப்
படமெடுக்கச் சொல்லி ஏற்றினோம்.

தேவையை இருநூற்றைம்பது எழுத்தில் விளக்குக.
அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.
துளசிங்கத்தின் இன்சுலின்
டீக்கடை ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே இருப்பதை,
ராத்திரி லாரி போனால் தரை அதிர்வதை.
தண்ணீர் என்ற சொல்லின் பாதியில்
எழுத்து தீர்ந்துவிட்டது.
லாரியை அழித்தேன், தண்ணீர் முழுசாய் வந்தது.

பதினோராவது நகல் தில்பகதூர், நேப்பாளம்.
மாநிலம் எது என்று பட்டியல் விரிந்தது.
சிக்கிம்னு போட்டுடலாமா என்றார் காஜா,
போட்டால் பத்துப் பேருடையதும் போகும் என்றேன்.
பத்து என்று அடித்தேன்.
"நடுவுல படுத்துக்குவான், ஒல்லிப் பையன்தான்."

பார்த்துவைத்த ஃபிளாட் முப்பத்திரண்டு சதுர மீட்டர்.
ஆளுக்கு மூன்று என்பது விதி.
பத்துக்குச் சரி, பதினொன்றுக்கு ஒரு மீட்டர் பற்றாது.
அடிக்குறிப்பைப் பெரிதாக்கிப் படித்தேன்:
மூன்றுக்குக் குறைந்த பரப்பில் வசிப்பவரும்
வீடற்றவராகவே கருதப்படுவர்.

அனுப்பு.
வந்த எண்ணை உறையின் மேல் எழுதிக்கொண்டார்.
முப்பது திர்ஹத்தை மேஜையில் வைத்துவிட்டு
நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போனார்.

அல் நப்பாவில் என் பெட்ஸ்பேஸ்
பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம், கீழ்க் கட்டில்.
மாதம் எழுநூறு, வைஃபை சேர்த்து.
கடையிலிருந்து எடுத்துவந்த ஏ-ஃபோர் தாள்களை
மெத்தையில் ஒவ்வொன்றாய்ப் பரப்பினேன்.
இருபத்தேழோடு மெத்தை முடிந்தது.
மூன்று சதுர மீட்டருக்கு நாற்பத்தெட்டு வேண்டும்,
போனில் போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை.
மேல் கட்டிலிலிருந்து ஜோசலின் தலையைத் தொங்கவிட்டு
என்ன செய்கிறாய் என்றாள்.
கணக்கு என்றேன்.
மிச்சத் தாளைத் தரையில் போடலாமென்று பார்த்தால்
அங்கே அவளுடைய அரிசி குக்கர்.

காலையில் பதில் வந்திருந்தது.
கூடுதல் ஆவணம் தேவை:
பி பதினேழுக்கான வாடகை ஒப்பந்தம்.
மூன்று வேலை நாளுக்குள்.

காஜாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது.
பையிலிருந்து எடுத்து வைத்தேன்,
முதல் தாளின் ஓரம் மடங்கியிருந்தது,
என் முழங்கை பட்ட இடம்.