இரண்டு ஷேடு

மூன்றரை மணி. மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
மணமகள் அறையில் ஏசி என்று ஒரு பெட்டி இருக்கிறது,
சத்தம் மட்டும் வருகிறது.
ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, பவுடர் திட்டுத்திட்டாகும்.
மூடினால் வேர்வை.
மூடச் சொன்னேன்.

தில்லைக்கரசி
பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரி
நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருக்கிறாள்.
சிப்காட்டில் லேப் வேலை.
டப்பாவை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்துவிட்டு
"டைட்டானியம்" என்று முணுமுணுத்தாள்.
"கண்ணைத் திறக்கலாமா அக்கா" என்று
திறந்துகொண்டே கேட்கிறாள்.

பண்ருட்டி அத்தை கதவோரம் வந்து
"ரெண்டு ஷேடு ஏத்திடும்மா" என்கிறார்.
மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கவில்லை.
இவராகத்தான்.
மூக்கைக் கொஞ்சம் கூராக்கணும், தாடையைக் குறைக்கணும்.
கறிகாய்க்காரரிடம் பேசுகிற அதே குரல்.

ஏற்றினேன்.
நெற்றியிலிருந்து கழுத்து வரை,
காதின் பின்புறம் மறக்காமல்
(பழகாதவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்).
முகம் இப்போது சுண்ணாம்பு அடித்த சுவர்.
வெளுப்பு இருக்கிறது,
எலும்பைக் காணோம்.

ஆகவே நிழல் வேண்டும்.
கான்டூர் தட்டைத் திறக்கிறேன்.
ஆறு குழிகளில் ஆறு பழுப்பு.
எது பொருந்தும் என்று
அவள் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.
நான்காவது குழி
அவள் முழங்கை.
அப்படியே. பெயர் மட்டும் ஏதோ காப்பிக்கொட்டைப் பெயர்.

பதினொரு வருஷமாக இந்த வேலை.
இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது என்று சொன்னால் பொய்.
ஒரு முகத்திலிருந்து துடைத்த நிறத்தை
டப்பாவில் விலைக்கு வாங்கிவந்து
கன்னத்துக்கடியில் ஒரு விரல் அகலம்,
மூக்கின் இருபக்கமும் ஒரு கோடு,
தாடை ஓரம் கொஞ்சம்,
நிழல் என்று சொல்லி
அதே முகத்தில் திரும்ப வைக்கிறேன்.
எல்லை தெரியக் கூடாது. பிரஷ்ஷுக்குத் தெரியும்.

பிறகு மினுக்கம்.
கன்ன மேட்டில், மூக்குத்தண்டில்,
மேலுதட்டு வளைவில் ஒரு புள்ளி.
எல்லாம் ஒரு கணக்கு.
ஃபோட்டோகிராபர் விளக்கு எதிரே, சற்று மேலே நிற்கும்.
அதை நம்பி,
விழப்போகிற நிழலை
முன்கூட்டியே விழவைத்துவிடுகிறேன்.

நாலு ஐம்பதுக்குக் கரண்ட் போனது.

ஜெனரேட்டர்காரர் டீசல் வாங்கப் போயிருக்கிறாராம்.
யாரோ செல்போன் டார்ச்சைத் தரையில் வைத்து
மேல்நோக்கி அடித்தார்கள்.
நான் பள்ளமாக்கிய இடமெல்லாம்
வெளிச்சம் வாங்கிக்கொண்டு நின்றது.
மேடாக்கிய இடமெல்லாம் இருட்டு.
மூக்கின் கோடுகள் இரண்டும்
வற்றிய கெடிலத்தில் மணல் லாரித் தடம் மாதிரி
தனியாகக் கிடந்தன.

பண்ருட்டி அத்தை "ஐயோ" என்றார்.

தில்லைக்கரசி கண்ணாடியைப் பார்த்தாள்.
சும்மா இருந்தாள்.
மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது,
அப்புறம் சிரிப்பு,
தோள் குலுங்கி, நெற்றிச்சுட்டி விலகி,
ஐலைனர் காயாத கண்ணில் தண்ணீர் கட்டி.
"அழுதாலும் சிரிச்சாலும் எனக்கு ஒண்ணுதான், நிறுத்து" என்றேன்.
கேட்கவில்லை.
கன்னம் தன்னிடத்துக்கு ஏறியது,
நான் வரைந்த இடத்திலிருந்து அரை விரல் தள்ளி.
தாடை அகலமாகவே இருந்தது.
நல்ல தாடை.

அவள் தம்பி படம் எடுத்தான்.

கரண்ட் வந்ததும் எல்லாம் அதனதன் இடத்தில்
ஒன்றும் நடக்காததுபோல் பொருந்திக்கொண்டது.
முகூர்த்தம் முடிந்தது.
மீதி இரண்டாயிரம் இன்னும் வரவில்லை.
ஆல்பம் வந்தது.
டிசைன் பண்ணுகிற பையன்
என் நிழலையும் சேர்த்து வழித்துவிட்டிருந்தான்,
முட்டை மாதிரி இருந்தாள்.

தம்பி அனுப்பிய படம் என் போனில் இருக்கிறது.
சாம்பிள் கேட்பவர்களுக்கு
அதை நான் காட்டுவதில்லை.