பன்னிரண்டு நாற்பது

அறையில் பேசப்படுவதை எழுத்தாக்குவது என் வேலை.
இருமலை எழுதமாட்டேன். பெருமூச்சை எழுதமாட்டேன்.
தலையாட்டினால், வாயால் சொல்லுங்கள் என்பேன்.
சாட்சிகளுக்கு உறுதிமொழி செய்விப்பதும் நான்தான்.
பழக்கதோஷம்,
வலது கையை உயர்த்துங்கள் என்றுவிட்டேன்.
டெல்ஃபின் பெல்ட்டியே உயர்த்தினாள்.
கட்டைவிரல், சுண்டுவிரலில் பாதி.
நடுவே ஜன்னல் தெரிந்தது.
சாட்சி உறுதிமொழி எடுத்தார் என்று அடித்தேன்.

மெய்ன் மாநிலம், மார்ச், சேறாகிப்போன பனி.
நகராட்சிக் கட்டடத்தின் மாடியில்
வெப்பக்குழாய் விட்டுவிட்டு இடிக்கும் அறை.
மேசையின் அந்தப் பக்கம் பழைய காப்பீட்டு நிறுவனம்,
இந்தப் பக்கம் புதியது.
ஓரத்தில் அவள், வலக்கையை
மடியில் கோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு.

விபத்து நடந்தது: இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.
வேலையில்தான் நடந்தது: ஒப்புக்கொண்டார்கள்.
காகிதத்தோடு உருளைகளுக்குள் போன விரல்களை
எண்ணி, எண்ணிக்கையையும் ஒப்புக்கொண்டார்கள்.
ஒப்பாதது தேதியை மட்டும்.

ஒரு பத்திரம் ஜூன் முப்பதோடு முடிகிறது.
இன்னொன்று ஜூலை ஒன்று, நள்ளிரவு தாண்டி
ஒரு நிமிடத்தில் பிறக்கிறது.
மூன்றாம் எந்திரம் நின்றபோது
ஆலைச் சுவரில் மணி பன்னிரண்டு நாற்பது.

எங்களுடையது முடிந்து முப்பத்தொன்பது நிமிடம்
என்று பழையவர்கள் கைவிரித்தார்கள்.
எங்களுடையது இல்லவே இல்லை
என்று புதியவர்களும் கைவிரித்தார்கள்.
ஒன்பது மாதம்.
கைவிரிக்க முடியாதவள் அதற்குள்
கியர் வண்டியை விற்றாள்,
மூன்றாவது அறுவையைத் தள்ளிப்போட்டாள்,
எண்ணெய்த் தொட்டியைக் கால்வாசிக்குமேல் நிரப்பவில்லை.
இதெல்லாம் வேறொரு கேள்விக்கு வந்த பதில்கள்.

மணியைப் பார்த்தீர்களா?
பார்த்தேன்.
அந்த நிலையிலுமா?
அதற்கு முன்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டரைக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம்.
மாற்றிவிட ஆள் வரவேண்டும்.
பத்து நிமிடம் யாரும் வரவில்லை.

பொருத்தமற்றது, என்றார் ஒரு வழக்கறிஞர்.
பொருத்தமற்றதுதான், என்றார் மற்றவர்.
அன்று முழுக்க
அவர்கள் ஒத்துப்போன நாலாவது விஷயம்.
விசாரணை அதிகாரி ஐரீன் ஆர்செனோ
கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்:
அம்மா, இங்கே யார் தவறு என்று கேட்பதில்லை.
தவறு யாருடையதானாலும் பணம் வரும்.
யார் தருவது என்பதுதான் கேள்வி.
அது நல்ல சட்டம்தான். எனக்குத் தெரியும்.
தவறை நிரூபிக்க முடியாமல் வெறுங்கையோடு போனவர்களின்
பழைய பதிவுகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன.

அப்புறம் புதிய நிறுவனத்தின் இளைஞர் ஹாஸ்கெல் எழுந்தார்.
பத்திரத்தின் முதல் பக்கத்தில்,
யாரும் படிக்காத அளவு எழுத்தில்,
'நிலையான நேரப்படி' என்று இரண்டு சொல்.
கோடையில் ஊரெல்லாம் கடிகாரத்தை
ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்கிறது.
பத்திரம் தள்ளி வைத்துக்கொள்வதில்லை.
ஆக, சுவரில் பன்னிரண்டு நாற்பது என்றால்
பத்திரத்தில் பதினொன்று நாற்பது.
பத்திரத்தில் அது இன்னும் ஜூன்.

அறை கொஞ்சம் சிரித்தது. சிரிப்பையும் நான் எழுதுவதில்லை.
டெல்ஃபின் மட்டும் கேட்டாள்:
அப்படியானால் எனக்கு இன்னும் அடிபடவில்லையா?
கேள்வி யாரை நோக்கியது என்று தெரியாததால்
யாரும் பதில் சொல்லவில்லை.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பினேன்.
போன ஞாயிறு மாற்றியிருக்க வேண்டும்,
என் வண்டிக் கடிகாரம் ஒரு மணி பின்னால் இருந்தது.
மாற்றக் கை போனது. விட்டுவிட்டேன்.

தீர்ப்பு ஏப்ரலில் வந்தது. பதினோரு பக்கம்.
பழைய நிறுவனம் பொறுப்பு; நிலுவையும் வட்டியும்.
நேரத்துக்கு ஒன்பது பக்கம், கைக்கு ஒரு பத்தி.
அவள் எண்ணெய்த் தொட்டியை நிரப்பியிருப்பாள்,
அதற்குள் குளிர் போய்விட்டது.

வராமல்போன அந்த ஆள் தீர்ப்பில் இல்லை.
என் பதிவில் இருக்கிறான்:
பக்கம் நாற்பத்தேழு, ஒன்பதாவது வரி.
எதிர்ப்பு ஏற்கப்பட்டது என்பதற்கு
நேர் மேலே.