யூன் முப்பத்தோராம் திகதி

ஒட்டுசுட்டான் கிளையில், இரண்டாம் கவுண்டரில்
திகதி முத்திரையின் சக்கரங்களைக்
காலை எட்டரைக்குத் திருப்புபவள் நான்.
ஊதா மை பெருவிரலை விட்டுப் போவதில்லை.
சோறு பிசையும்போதும் அங்கேயே இருக்கும்.

திட்டம் இதுதான்:
பிள்ளையின் பேரில் மாதம் ஐந்நூறு.
பன்னிரண்டு மாதம் அறுபடாமல் கட்டினால்
அரசாங்கம் தன் பங்குக்கு ஆறாயிரம் போடும்.
பதினெட்டு வயது வரை யாரும் தொட முடியாது,
பெற்ற தாயும்,
செவ்வாய்க்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வரும்
லோன்காரப் பெடியனும்.
ஒரு மாதம் தவறினால் அந்த வருடத்துப் பங்கு இல்லை.
சுற்றுநிருபம், பந்தி நான்கு.
எனக்கு மனப்பாடம்.

தவமலர் முத்தையன்கட்டிலிருந்து வருவாள்.
"டிலக்சனா கம்பஸ் போற காசு"
என்று சொல்லித்தான் நீட்டுவாள், ஒவ்வொரு முறையும்,
நான் வேறு எதற்காவது எழுதிவிடுவேன் என்பதுபோல.
தாள்களின் மடிப்பில் கச்சான் மண் இருக்கும்.
எண்ணி முடித்து மேசையைத் துடைப்பேன்.

அந்த யூனில்
கச்சான் ஏற்ற வந்த லொறிக்காரன்
முப்பதாம் திகதி இருட்டின பிறகுதான் காசு கொடுத்தான்.
மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து
கதவு திறக்க முன்னமே நின்றாள்.
"பதினொரு மாதம் கட்டிப்போட்டன் தங்கச்சி.
இது ஒரு இரவு."
கெஞ்சவில்லை. கணக்குச் சொன்னாள்.

முகாமையாளர் வந்திருக்கவில்லை.
கணினி, வழமைபோல, வேலை செய்யவில்லை.
யூலையை ஒரு பல் பின்னே தள்ளினேன், யூன் வந்தது.
ஒன்றை ஒரு பல் பின்னே தள்ளினேன்.
வாசலைப் பார்த்தபடியே குத்தினேன்.

ஒக்டோபரில் கணக்காய்வு.
எத்தனையோ பெரிய தொகைகளைக் கடந்து வந்த
சிவப்புப் பேனை
ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் நின்றது.
யூன் 31.
அப்படியொரு நாள் இல்லையென்று
மூன்று மொழியிலும் கடிதம் வந்தது.
மேற்படி திகதி தொடர்பாக விளக்கம் தரவும்.

எங்கள் கிளையின் இரும்பு அலுமாரியில்
பழைய பேரேடுகள் வருட வரிசையில் இருக்கின்றன.
நடுவில் ஒரு வருடம் இல்லை.
முழு வருடமும்.
அதற்கு ஒருவரும் விளக்கம் கேட்டதில்லை.

இதை நான் எழுதவில்லை.
"கவனயீனம்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஆறாயிரம் நின்றது.
எனக்கு ஒரு சம்பள ஏற்றம் நின்றது.
தவமலரிடம் சொன்னபோது
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு மடியை அவிழ்த்து, "டிலக்சனா கம்பஸ் போற காசு."
இந்த முறை தாள்களில் குளத்து மீன் மணம்.

தை மாதத்தில் ஒருநாள்
பள்ளிச் சீருடையோடு மகளே வந்தாள்,
உயர்தரத்தில் கணிதம் படிக்கிறவள்.
புத்தகத்தைப் புரட்டி, அந்த வரியில் நகத்தை வைத்து,
"அக்கா, இது என்ன கிழமை?"

யோசிக்காமலே சொன்னேன்:
"செவ்வாய்."

"ஓம்," என்றாள்.
"அம்மா வீட்டில இல்லையெண்டு
லோன்காரனுக்கு நான் சொன்ன நாள்.
அவன் நம்பேல்லை.
உண்மையாவே இல்லை, என்ன?"
சிரித்தாள். நானும்.
பின்னால் வரிசை நீண்டிருந்தது.

இப்போதும் எட்டரைக்குச் சக்கரம் திருப்புகிறேன்.
முப்பது நாள் மாதங்களின் முடிவில்
அந்த முப்பத்தொன்று விரலில் தட்டுப்படும்,
றப்பரில் வெட்டி, மையோடு, தயாராக.
அதைத் தாண்டித்தான் ஒன்றுக்குப் போகவேண்டும்.

போகிறேன்,
வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு.