திரும்பி வந்த பாண்

விடிய நூற்றிருபது போகும்.
ஒன்பதரைக்கு முப்பத்தேழு திரும்பி வரும்.
எண்ணுவது நான்.
எண்ணாமல் இருந்த காலம் நல்ல காலம்:
வாசலில் ஓட்டோ வந்து நின்றால்
எல்லாம் விற்று முடிந்ததென்றே நினைப்பேன்.

மல்லாவிச் சந்தியிலிருந்து மூன்றாம் ஒழுங்கை.
பழைய போறணை, புதுக் கடன்.
இவர், கமலேஸ்வரன், மா குழைக்கப் பிறந்தவர்.
கணக்கென்றால் கண்ணுக்குள் புழுதி விழும்.
மா விலை ஏறினால் பாணின் நிறையைக் குறைப்பார்,
சனம் குறைந்தால் ஓட்டோவின் பாட்டைக் கூட்டுவார்.
யோகபுரத்தில் குழந்தைகள் அழுது எழும்பும்,
தாய்மார் படலையைச் சாத்துவார்கள்.

திரும்பிய பாணை யார் தின்றது?
சிவநேசம் வீட்டு மாடு இரண்டு.
பால் விற்ற காசில் அவள் கூரைக்குத் தகரம் போட்டாள்.
எங்கள் வியாபாரத்தில்
இலாபம் கண்டது அந்த மாடுகள்தான்.

ஆவணியில் கட்டுக்காசு மூன்றாம் முறை பிந்தியது.
லீசிங்காரப் பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து
வேலியோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கோபப்படவில்லை.
அதுதான் பயமாயிருந்தது.

அடுத்த நாள் நானும் ஓட்டோவில் ஏறினேன்,
பாணோடு பாணாய்ப் பின்னால் குந்தி.
எங்கே நிற்கிறது, யார் கை நீட்டுகிறார்,
யார் பார்த்தும் பாராமல் உள்ளே போகிறார்,
மகளின் பழைய விஞ்ஞானக் கொப்பியில்
ஒளித்தொகுப்புப் படத்துக்குக் கீழே எழுதினேன்.

ஆறரைக்கு ஊரில்
ஆடுகளும் கிழவர்களும்
எங்களைப் போல் கடன்காரரும்தான்.
வயலுக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள்.
கார்மென்ட்ஸ் பஸ் போய் ஒரு மணித்தியாலம்.
தரிப்பிடத்து மண்ணில் நிறையச் செருப்புத் தடங்கள்,
ஒரு ரொபித் தாள், ஒரு தலைமயிர்க் கிளிப்.
பசியோடு ஆட்கள் நின்ற இடம்
பார்க்கத் தெரிந்தால் தெரியும்.

இரவு சண்டை.
"விடியப்புறம் நாலரைக்குப் பாணோ? ஆர் வாங்குவினம்?"
பாண் இல்லை, என்றேன்.
ஒரு கை பஸ்ஸின் கம்பியைப் பிடித்திருக்கும்.
மற்றக் கைக்குள் எது அடங்குமோ அது.
சீனிச் சம்பல் வைத்த பணிஸ், உள்ளங்கை அளவு.
அவர் என் கையை இழுத்து விரித்துப் பார்த்தார்.
கல்யாணத்துக்குப் பிறகு இப்படிப் பிடித்தது இப்போதுதான்,
அதுவும் அளவெடுக்க.

பாட்டை நிறுத்தினோம்.
பாணின் நிறையைத் திருப்பிக் கொடுத்தோம்.
அறுபதுக்கு மேல் ஒன்றுகூடச் சுடுவதில்லை.
முதல் நாள் பார்த்துப் போயா. பஸ்ஸே இல்லை.
எண்பது பணிசும் சிவநேசம் வீட்டுக்கு.
இரண்டாம் நாள் பதினொன்று விற்றது.
மூன்றாம் நாள் துணுக்காய் றோட்டில் யானை,
லைட்டை அணைத்துவிட்டு
அது யோசித்து முடிக்கும் வரை காத்திருந்தோம்.
பிறகு எந்த நாளென்று கொப்பியில் இல்லை,
ஒரு பிள்ளை ஓடி வந்து கேட்டது:
"அக்கா, நாளைக்கும் வருவியளோ?
ஆறு பேருக்கு எடுத்து வையுங்கோ."

மார்கழி முடிய, மா, விறகு, பெற்றோல், கட்டுக்காசு
எல்லாம் போக மிச்சம்
நாலாயிரத்து நூற்றிருபது ரூபா.
சிரிக்க வேண்டாம்.
பூச்சியத்துக்குக் கீழே
இரண்டு வருடம் குடியிருந்தவர்களுக்கு
அது மாடிவீடு.

"இப்ப மிச்சம் வாறேல்லையோ?"
வேலிக்கு மேலால் சிவநேசம் கேட்டாள்.
இல்லையக்கா, என்றேன்.
மாடுகளை நினைக்கக் கொஞ்சம் கவலைதான், உண்மையாய்.

நேற்று லீசிங்காரப் பொடியன் வந்தான்.
காசை இரண்டு தரம் எண்ணினான்.
பிறகு தட்டைப் பார்த்தான், ஒன்றை எடுத்தான்.
சும்மா கொடுத்திருக்கலாம்.
எண்பது ரூபா, என்றேன்.
சில்லறை இல்லையாம். அடுத்த முறை தாறானாம்.
கொப்பியை எடுத்தேன்.
"பேர் என்ன தம்பி?"
வாய்க்குள் பணிசோடு சொன்னான்.
வடிவாக எழுதினேன்:
நிதுர்சன். லீசிங். பணிஸ் ஒன்று. கடன்.