மூன்று பேர் கடன்

திங்கட்கிழமைகளில் முதலில் எனக்குத்தான் தெரியும்.
மருந்துக் கடைக் கல்லாவில் நிற்பவள் நான்.
வலிக் களிம்பு இரண்டு குழாய் என்றால்
இட்ரிஸின் தோள்.
முழங்கால் உறை, பெரிய அளவு என்றால்
ஐயோ, மெய்ரியன்.
பயிற்சியாளர் காதுக்குப் போவதற்குள்
அடுத்த சனிக்கிழமையின் அணி
என் ரசீதுக் கட்டில் முடிவாகிவிடும்.

ஜனவரி மழை விழுங்கிய ஆட்டங்களை
ஏப்ரல் கக்கியது.
எட்டு நாளில் மூன்று.
புதன்கிழமை மாலை ஏழு மணிக்கும் வெயில்.
சேற்றில் ஒரே நிறமாய்த் திரிந்தவர்கள்
சட்டென்று தனித்தனி முகமானார்கள்,
இத்தனை பேருக்கா நரைத்திருக்கிறது!

விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவன்
வேல்ஸின் இந்தப் பள்ளத்தாக்கில் எவனுமில்லை.
குளிர்காலத்தில் அது சேறு, இப்போது புழுதி.
இளகிக் கொடுத்த தரை
திருப்பி அடிக்கிறது.

களைப்புக்கு ஓசை உண்டு.
நவம்பரில் ஸ்க்ரம் மோதும்போது
கதவை அறைந்து சாத்தியது போலிருக்கும்.
ஏப்ரலில்
லாரியிலிருந்து மூட்டை இறக்குவது போல.
பதினாறு பேரின் ஒற்றைப் பெருமூச்சு
கம்பிவேலி தாண்டி என் கோட்டு வரை வரும்.
அன்று கெதின் உதைத்த பந்து
கம்பத்தில் பட்டுத் திரும்பியது,
கடன் கேட்கப் போனவன்
வாசலோடு திரும்பியதைப் போல.
இரண்டு புள்ளியில் தோற்றோம்.
அதற்கு முந்தியதும் இரண்டு புள்ளிதான்.

கடைசிச் சனிக்கிழமை.
வென்றால் இந்தப் பிரிவிலேயே இருப்போம்,
தோற்றால் கீழே.
எதிரணியின் இரண்டாவது வேன்
மலைப்பாதையில் புகைந்து நின்றுவிட்டதாம்.
வந்தவர்கள் பன்னிரண்டு பேர்,
முன்வரிசைக்கு ஆளே இல்லை.
நடுவர் விதியைப் படித்தார்.
வெற்றி எங்களுக்கு.

பிழைத்துவிட்டோம்.
யாரும் குதிக்கவில்லை.
வேலியோரம் நின்ற டூடர்
கொண்டுவந்த கிலுகிலுப்பையை
சுற்றலாமா கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.
தேநீர்க் கொட்டகையிலிருந்து எலுனெட் கேட்டாள்:
"எண்பது இறைச்சிப் பணியாரம் சுட்டிருக்கிறேன்,
அதை என்ன செய்ய?"

"வந்தது வந்துவிட்டோம்" என்றார் அவர்கள் தலைவர்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு.
"மூன்று பேர் தாருங்களேன்."
எங்களிடம் பதினெட்டு.
எண்ணிப் பார்த்தார்கள், சரியாக வந்தது.

இட்ரிஸின் வயிற்றை
அவர்கள் மஞ்சள் சட்டை பாதிதான் மூடியது.
இன்னொருவன் பேக்கரிப் பையன்.
மூன்றாவது கரடோக்,
தபால்காரன், எங்கள் ஓரத்து ஓட்டக்காரன்.
இருபத்தியொரு ஆட்டம்,
ஒரு டிரை கூட வைக்காதவன்.
வீடு வீடாய்த் தபால் சேர்க்கிறவன்
பந்தை மட்டும் முகவரிக்குக் கொண்டுபோனதில்லை
என்று ஊரே சொல்லும்.
நானும் சொல்லியிருக்கிறேன்.

அறுபதாவது நிமிடம்
மஞ்சள் சட்டையில் அவனுக்குப் பந்து கிடைத்தது.
எதிரே எங்கள் ஆட்கள்.
நிலக்கரிக் குவியல் புல் மூடிக் கிடக்கும்
அந்த மலைப் பக்கத்து ஓரமாகவே ஓடினான்.
மெய்ரியன் பாய்ந்தான், கையில் காற்று.
கெதின் குறுக்கே வந்தான்.
ஓடு, ஓடு, கரடோக்!
யாரோ கத்துகிறார்கள்.
டூடர் திரும்பி முறைத்தபோதுதான்
அது நானென்று தெரிந்தது.

கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துவிட்டு
எழாமல் அங்கேயே கிடந்தான்.
கைதட்டலாமா என்று
ஒரு கணம் மொத்தக் கூட்டமும் யோசித்தது.
பிறகு கிலுகிலுப்பை சுழன்றது.

தோற்றுப்போனோம், பிரிவில் தங்கினோம்.
பணியாரம் ஒன்றும் மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை
தபால் பையோடு கரடோக் வந்தான்.
மருந்து எதுவும் கேட்கவில்லை.
எடைபார்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறினான், இறங்கினான்.
"அது கணக்கில் வராது, இல்லையா?" என்றான்.

பதில் சொல்ல எனக்குக் குரலில்லை.
சனிக்கிழமையே தீர்த்துவிட்டிருந்தேன்.