காலிக் கட்டம்

தபஜோஸின் நீலம் ஒரு பக்கம், அமேசானின் சேறு மறுபக்கம்.
சாந்தாரேம் படித்துறையில் இரண்டும்
கலக்காமல் தோளுரசிப் போகின்றன.
அதைப் பார்க்க நான் வரவில்லை.
என் நிரல் ஒரு பெண்ணைப்
பட்டியலின் அடியில் போட்டிருந்தது.
ஏன் என்று கேட்டு ஆளனுப்பியிருந்தார்கள்.

ஒஸ்மரீனா. ஐம்பத்து மூன்று.
அராப்பியூன்ஸ் ஆற்றில் வெகு மேலே
மரவள்ளி மாவு வறுப்பவர்.
முகம் ஊதி, கால் ஊதி,
படகில் கட்டிய தூளியில்
பத்தொன்பது மணி நேரம் படுத்து வந்தவர்.
நூற்றுக்குப் பதினொன்று என்றது நிரல்.
அவசரமில்லை என்று பொருள்.

"ஐந்து வருஷத்தில் இரண்டே முறை வந்திருக்கிறார்,
அதனால்தான்" என்றேன்.
செவிலி ஒடினேயா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.
"படகுக் கூலி எவ்வளவு என்று
உன் பெட்டிக்குச் சொன்னாயா?"

விடுதியில் மின்விசிறி கடகடக்க
இரவெல்லாம் வரி வரியாய் இறங்கினேன்.
நூற்று நாற்பதாம் வரி:
கட்டம் காலியென்றால் பூஜ்யம் போடு.
யாரோ எழுதியதல்ல.
ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சாவோ பாவ்லோவில்,
மழைக்கு முன் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில்
நான்தான்.

எடுக்காத ரத்தம்,
டீசல் தீர்ந்து நடு ஆற்றில் நின்ற படகு,
மாவு விலைபோகாத மாதம்
எல்லாமே அங்கே ஆரோக்கியம் ஆகியிருந்தன.
வராதவர் நலமாயிருக்கிறார்.
கத்தாதவருக்கு வலியில்லை.

திருத்தினேன்.
ஆற்றின் தூரத்தைச் சேர்த்தேன். காலியைக் காலியாகவே விட்டேன்.
"தெரியாது" என்று சொல்ல நிரலைப் பழக்கினேன்.
அந்த ஒரு சொல்லுக்கு மூன்று வாரம் பிடித்தது.
ஒஸ்மரீனா நான்காம் இடத்துக்கு ஏறினார்.

ரத்தம் சுத்திகரிக்கும் நாற்காலிகள் ஒன்பதுதான்.

ஒன்பதில் இருந்த குளோடோமீர் பத்துக்கு இறங்கினார்.
மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவர்.
ஒரு தவணை தவறாதவர்,
எல்லாத் தாளையும் பாலிதீன் பையில்
மடிப்புக் கலையாமல் வைத்திருப்பவர்.
அவரைத் தாண்டி எது நியாயம் என்று
எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை.

"யார் அவரிடம் சொல்வது?" என்றார் மருத்துவர்.
"நான்" என்றேன்.
ஒடினேயா முதல்முறையாக எனக்கு
ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

குளோடோமீர் முழுவதும் கேட்டார்.
ஹெல்மெட்டை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார்.
"அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா?" என்றார்.
அந்தக் கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை.
பிறகு, "பத்தாவது நாற்காலி எப்போது வரும்?"

மாநில அரசுக்கு எழுதியிருக்கிறேன்.
பதில் தேதிக்கு நேரே இன்னும் காலி.
பூஜ்யம் போடவில்லை.