ஒரே சொல் போதும் என்றார்கள்

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
கைபேசிக் கடைக்கு மேல் ஒரு வாடகை அறை.
மூன்று துறை, ஒரே படிவம்.
சொல் ஒன்றுக்கு எனக்கு நாற்பது சென்.

ஸ்ட்ரெஸ் என்று மூவருமே கேட்டிருந்தார்கள்.

மழை இரண்டு மாதம் பொய்த்தால்
செம்பனை பெண் பூவைக் குறைத்துக்கொண்டு
ஆண் பூவாய்த் தள்ளும், அதுதான் என்றார் ரொசைனி.
ஆலையை அளக்க வந்த பொறியாளர்
என் அகராதியின் ஓரத்திலேயே கோடு கிழித்தார்:
மேலே விசை, கீழே பரப்பு,
இதில் பூவுக்கு என்ன வேலை?
உளவியல் படிக்கும் சியூ மே
பத்துக் கேள்வி வைத்திருந்தாள்,
பூஜ்யத்திலிருந்து நான்கு வரை.

உங்களுக்குள் பேசி முடிவெடுங்கள் என்றேன்.
தே தாரிக் ஆடை கட்டியதுதான் மிச்சம்.

தகைவு என்று ஒரு சொல் இருக்கிறது.
பொறியாளருக்குப் பொருந்தும்,
தோட்டத்தில் ஒருவருக்கும் புரியாது.
அழுத்தம் என்று எழுதினேன், மூன்று இடத்திலும்.
என் மாமியார் அந்தச் சொல்லை
எனக்கென்றே வைத்திருக்கிறார்:
"அழுத்தக்காரி, வாயே தொறக்க மாட்டா."

மறுநாள் இரண்டாம் தீம்பார்.
உதிரிப் பழம் பொறுக்கும் மாரிக்கண்ணுவிடம்
படிவத்தில் உள்ளபடியே வாசித்தேன்:
போன மாதம் உங்களுக்கு
அழுத்தம் எவ்வளவு இருந்தது?

கோணியை இறக்காமலே சொன்னாள்.
"நூத்தி அறுவது.
கிளினிக்ல எழுதிக் குடுத்தாங்க.
மாத்திர தீந்து ஒம்பது நாளாச்சு.
எம் மவன் பழம் அவிக்கிற கலத்துக்கு
மூணுதானாம்,
அதுக்கு மேல போனா செவப்புக் கோடு,
ஊதல் அடிக்குமாம்."
கொஞ்ச தூரம் போய்த் திரும்பி,
"இதனால நம்ம பொழப்புக்கு
ஏதாச்சும் வருமா?"

ஓரிலக்கப் பெட்டிக்குள்
நூற்று அறுபதை நெருக்கி எழுதினேன்.
பூஜ்யம் வெளியே விழுந்தது.

சாயங்காலம் கணினி அதை ஏற்கவில்லை.
புள்ளியியல்காரர் ஒரே தட்டில் நீக்கிவிட்டு
என் முகத்தைப் பார்த்ததும் விளக்கினார்:
"இதுக்குப் பேரு பிழை.
எங்க துறையில பிழைன்னா
யார் மேலயும் குத்தமில்ல."

வெள்ளிக்கிழமை கூலி கொடுத்தார்கள்.
அழுத்தம் மூன்று இடத்தில் இருந்தாலும்
ஒரே சொல்தானே என்று
நாற்பது சென் மட்டும் போட்டிருந்தார்கள்.

நான் வாயே திறக்கவில்லை.